வில்ட்டா, ஜோர்டனா, லெப்ரானா? கூடைப்பந்தின் பெரிய ஸ்கோரர்களைக் காலம் தாண்டி ஒப்பிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ. பார்க்கத் தொடங்கி ஒரு மாதம் ஆனவருக்கும் முப்பது வருடம் ஆனவருக்கும் பொதுவாக ஒரு சண்டை உண்டு: யார் பெரிய ஸ்கோரர்? என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே போட்டிருக்கிறேன். சில பதில்கள் கணக்கு, சில என் சொந்த அபிப்பிராயம். எது எது என்று படிக்கும்போதே தெரியும்.

அதிகப் புள்ளி எடுத்தவர் யார்? இதில் சண்டை போட என்ன இருக்கிறது?

எந்தக் கணக்கில் என்று கேட்டால்தான் சண்டை ஆரம்பிக்கும். மொத்தப் புள்ளி என்றால் லெப்ரான் ஜேம்ஸ். கரீம் அப்துல்-ஜப்பார் வைத்திருந்த 38,387 புள்ளிகளை 2023 பிப்ரவரி 7 அன்று தாண்டினார். அடுத்த வருடம் மார்ச் 2 அன்று 40,000-ஐயும் தொட்டார். ஆட்டத்துக்குச் சராசரி என்றால் மைக்கேல் ஜோர்டன் 30.12, வில்ட் சேம்பர்லின் 30.07. ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம் ஆட்டம் ஆடியும் வித்தியாசம் வெறும் 0.05. ஒரே சீசனின் சராசரி என்றால் வில்ட், 50.4. ஒரே ஆட்டம் என்றாலும் வில்ட்தான், 100.

ஆக, டீக்கடையில் மூன்று பேர் மூன்று பெயர் சொன்னால் மூன்று பேரும் சரியாகவே சொல்லியிருக்கலாம்.

ஒரு சீசன் முழுக்க ஆட்டத்துக்கு 50 புள்ளியா? அச்சுப்பிழை இல்லையே?

இல்லை. 1961-62 சீசனில் ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸ் அணிக்காக 80 ஆட்டங்களில் 4,029 புள்ளிகள். ஆனால் அந்த சீசனின் மற்ற எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எல்ஜின் பேய்லர் 38.3. புதுமுகமாக வந்த வால்ட் பெல்லமி 31.6. பாப் பெட்டிட் 31.1. ஜெர்ரி வெஸ்ட்டும் ஆஸ்கர் ராபர்ட்சனும் ஆளுக்கு 30.8. மொத்தமே ஒன்பது அணிகள் இருந்த லீகில் ஆறு பேர் 30-ஐத் தாண்டியிருக்கிறார்கள். ஊர் முழுக்க வெள்ளம் என்றால் ஒரு வீட்டுக் கிணறு நிரம்பியதை மட்டும் அதிசயமாகச் சொல்ல முடியாது.

வெள்ளத்துக்குக் காரணம் வேகம். அன்றைக்கு ஓர் அணி ஒரு ஆட்டத்தில் சுமார் 108 முறை வளையத்தை நோக்கி எறிந்தது. இன்று 90-க்குப் பக்கம். எறிந்ததில் பாதிகூட உள்ளே போகவில்லை, 42.6 சதவீதம்தான். தவறிய பந்தைப் பிடித்தவர் அடுத்த முனைக்கு ஓடினார், அங்கேயும் அவசரமாக எறிந்தார், அதுவும் தவறியது. தவறத் தவற ரீபவுண்ட் கூடியது, ரீபவுண்ட் கூடக் கூட மறுபடியும் ஷாட்.

பேய்லரைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் அவர் ராணுவ ரிசர்வ் பணிக்கு அழைக்கப்பட்டிருந்தார். பெரும்பாலும் வார இறுதியில் லீவு கிடைத்தால் வந்து ஆடிவிட்டுத் திரும்பிப் போவார். ஒழுங்கான பயிற்சி கிடையாது. அப்படி ஆடிய 48 ஆட்டங்களில்தான் 38.3. வில்ட்டின் நிழலில் மறைந்துபோன சீசன் அது.

சரி, வேகத்தைக் கழித்துவிட்டால் வில்ட்டின் 50 எவ்வளவு ஆகும்?

ஒரு அணி ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை பந்தைக் கையில் வைத்துத் தாக்குகிறது என்பதுதான் வேகக் கணக்கு. 1961-62-இல் அது சுமார் 126 என்று பின்னாளில் கணித்திருக்கிறார்கள். இன்று 99-100. 50.4-ஐ 99-ஆல் பெருக்கி 126-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 40. இதுவரை யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.

அடுத்த படியில்தான் வம்பு. வில்ட் அந்த சீசனில் ஆட்டத்துக்கு 48.5 நிமிடம் ஆடினார். ஆட்டமே 48 நிமிடம்தான்! கூடுதல் நேரம் சேர்ந்ததால் சராசரி அதைத் தாண்டிவிட்டது. சீசன் முழுக்க அவர் வெளியே உட்கார்ந்தது எட்டே நிமிடம் சொச்சம், அதுவும் நடுவரோடு தகராறு செய்து வெளியேற்றப்பட்டதால். இன்றைய நட்சத்திரங்கள் 35 நிமிடம் ஆடினாலே அதிகம். எனவே 36 நிமிடத்துக்குச் சுருக்கிப் பார்ப்போம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். போட்டால் 29, 30-இல் வந்து நிற்கும். “பார்த்தீர்களா, சாதாரண ஸ்கோரர்தான்” என்பார்கள்.

இந்த இரண்டாவது கழித்தலை நான் ஏற்பதில்லை. வேகம் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைத்தது, அதைக் கழிப்பது நியாயம். 48.5 நிமிடம் யாருக்கும் தானாகக் கிடைக்கவில்லை. ஏழடிக்கு மேல் உயரமும் அதற்கேற்ற எடையும் உள்ள ஒருவர், எதிரணியில் இரண்டு மூன்று பேர் தோளிலும் இடுப்பிலும் தொங்க, ஓய்வே இல்லாமல் ஒரு சீசனை முடித்தது அவர் திறமையில் சேர்த்தி. ஒருவரின் உழைப்பைப் பணவீக்கம் மாதிரி கழித்துவிட முடியாது.

அந்த 100 புள்ளி ஆட்டம் வெறும் நாடகம் என்கிறார்களே?

பாதி உண்மை. 1962 மார்ச் 2, பென்சில்வேனியாவில் ஹெர்ஷி என்ற ஊர். ஆமாம், சாக்லேட் ஹெர்ஷிதான். வாரியர்ஸ் தங்கள் ஊரை விட்டு இங்கே எப்போதாவது ஆடுவார்கள். எதிரே நியூயார்க் நிக்ஸ். பார்க்க வந்தவர்கள் 4,124 பேர். நிக்ஸின் வழக்கமான சென்டர் (வளையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் உயரமான ஆட்டக்காரர்) அன்று ஆடவில்லை, பதிலுக்கு நின்ற டாரல் இம்ஹாஃப் 20 நிமிடத்தில் ஃபவுல் கணக்கு முடிந்து வெளியே போனார்.

முதல் கால்பகுதியில் 23, அரைநேரத்தில் 41, மூன்றாம் பகுதி முடிவில் 69. இதுவரை ஒழுங்கான ஆட்டம். கடைசிப் பகுதியில்தான் கூத்து. கூட்டம் வில்ட்டுக்குக் கொடு என்று கத்த, சக ஆட்டக்காரர்கள் எல்லாப் பந்தையும் அவருக்கே கொடுக்க, அவர் கையில் பந்து போகக் கூடாது என்று நிக்ஸ் மற்றவர்களை வேண்டுமென்றே ஃபவுல் செய்ய, கடிகாரத்தை நிறுத்திப் பந்தைத் திரும்ப வாங்க வாரியர்ஸும் பதிலுக்கு ஃபவுல் செய்ய... ஜெயித்துக்கொண்டிருக்கும் அணி ஃபவுல் செய்து பார்த்திருக்கிறீர்களா? அன்று நடந்தது. முடிவு 169-147.

ஆனாலும் 63 ஷாட்டில் 36 உள்ளே போயிருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணி ஃபவுல் செய்ததற்காகத் தடுப்பார் இல்லாமல் எறியும் ஷாட். வாழ்நாள் சராசரி 51 சதவீதம். ஃப்ரீ த்ரோ கோட்டில் அவரை நிறுத்தினால் எதிரணி நிம்மதியாக மூச்சு விடும். அன்று 32-க்கு 28! அந்த சீசனில் அவர் பாட்டி எறிவது மாதிரி இரண்டு கையாலும் கீழிருந்து தூக்கிப் போட்டார். அது பலித்தது, 61 சதவீதம் வந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பின்னால் அதை விட்டுவிட்டார். அதே கீழ்க்கை பாணியில் ரிக் பேரி என்பவர் வாழ்நாள் முழுக்க 90 சதவீதத்தை ஒட்டிப் போட்டார், வெட்கப்படவும் இல்லை.

ஷாட் கிளாக் வருவதற்கு முந்தைய ஆட்டக்காரர்களை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 1950 நவம்பர் 22 அன்று மினியாபொலிஸ் லேக்கர்ஸும் ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸும் ஆடிய ஆட்டத்தின் முடிவு 19-18. கால்பகுதி ஸ்கோர் இல்லை ஐயா, முழு ஆட்டம். லேக்கர்ஸில் ஜார்ஜ் மைக்கன் என்ற கண்ணாடி போட்ட பெரிய சென்டர் இருந்தார், அவரோடு மோதிச் சமாளிக்க முடியாது. எனவே பிஸ்டன்ஸ் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், விதி தடுக்கவில்லை. லேக்கர்ஸின் 18-இல் மைக்கன் எடுத்தது 15. அணியின் புள்ளியில் 83 சதவீதம்! பங்கு என்று பார்த்தால் வில்ட்டின் 100 அதன் பக்கத்தில்கூட வராது. ஸ்கோர்கார்டில் தெரிவது வெறும் 15.

1954-55-இல் ஷாட் கிளாக் என்ற 24 விநாடிக் கடிகாரம் வந்தது: பந்து கைக்கு வந்தால் அந்த நேரத்துக்குள் எறிந்தாக வேண்டும். சிராக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பியாசோன் போட்ட கணக்கு எளிமையானது. விறுவிறுப்பான ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் சேர்த்து 120 ஷாட் வருகிறது, ஆட்டம் 2,880 விநாடி, வகுத்தால் 24. ஒரே சீசனில் அணிகளின் சராசரி 79.5-இலிருந்து 93.1-க்குத் தாவியது. அதற்குள் மைக்கனின் நல்ல காலம் முடிந்திருந்தது. கடிகாரம் ஐந்து வருடம் முன்னால் வந்திருந்தால் அவருடைய 28.4 சராசரி எங்கே போயிருக்கும்!

ஒருவரைத் தடுக்க விதியையே மாற்றுவதும் அவரிலிருந்துதான் வேகம் பிடித்தது. வளையத்துக்குக் கீழே உள்ள பெயின்ட் பகுதி ஆறடி அகலமாக இருந்ததை அவருக்காகவே 12 அடியாக்கினார்கள். வில்ட் வந்தபின் 16 அடி.

மூன்று புள்ளிக் கோடு எவ்வளவு வித்தியாசம் செய்தது?

வந்தபோது எதுவுமே செய்யவில்லை. அந்தக் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி. 1979-80-இல் என்.பி.ஏ. அதைச் சேர்த்தது. ஓர் அணி ஒரு ஆட்டத்துக்கு எறிந்த த்ரீ பாயின்டர் 2.8. கோமாளித்தனம் என்றுதான் பல கோச்சுகள் நினைத்தார்கள். 2023-24-இல் அதுவே சுமார் 35.

இரண்டு சீசன்களைப் பக்கத்தில் வையுங்கள். ஜோர்டன் 1986-87-இல் 3,041 புள்ளி எடுத்தார், சராசரி 37.1. அந்த சீசன் முழுக்க அவர் போட்ட த்ரீ பாயின்டர் 12. ஜேம்ஸ் ஹார்டன் 2018-19-இல் 36.1 சராசரி. அவர் போட்டது 378. மொத்தம் 2,818 புள்ளியில் 1,134 கோட்டுக்கு வெளியிலிருந்து வந்தது. ஒரே மாதிரித் தெரியும் இந்த இரண்டு சராசரிகளும் இரண்டு வேறு விளையாட்டில் எடுக்கப்பட்டவை.

கல்லூரிக் கூடைப்பந்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். லூசியானா ஸ்டேட் பல்கலையின் பீட் மாராவிச் 83 ஆட்டங்களில் 3,667 புள்ளி எடுத்தார், சராசரி 44.2. கோடும் இல்லை, ஷாட் கிளாக்கும் இல்லை, முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் முதன்மை அணியில் ஆட அனுமதியும் இல்லை. 2024 மார்ச் 3 அன்று அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் அதைத் தாண்டி, கடைசியில் 139 ஆட்டங்களில் 3,951-இல் முடித்தார். நான்கு வருடம் ஆடியவரை மூன்று வருடம் ஆடியவரோடு ஒப்பிடலாமா என்று மாராவிச்சின் ரசிகர்கள் பொங்கினார்கள். நியாயமான பொங்கல்தான். ஆனால் அந்தப் பக்கம் ஒரு வருத்தம் எனக்கும் உண்டு: லினெட் வுடார்ட் கான்சாஸுக்காக 3,649 எடுத்தபோது பெண்கள் ஆட்டம் வேறொரு அமைப்பின் கீழ் இருந்ததால் அது நெடுநாள் கணக்கிலேயே வராமல் கிடந்தது. கிளார்க் புண்ணியத்தில்தான் பலருக்கு அந்தப் பெயர் தெரிந்தது.

“தொண்ணூறுகளில் அடித்தே போட்டுவிடுவார்கள், இப்போது தொட்டாலே ஃபவுல்” என்பது சரியா?

பாதி சரி. அன்றைக்குப் பந்து வைத்திருப்பவரின் இடுப்பில் கை வைத்துத் தள்ளித் திசை மாற்றலாம். 2004-05-இலிருந்து அதைக் கண்டிப்பாக ஃபவுல் என்று ஊத ஆரம்பித்தார்கள். அதற்கு முந்தைய சீசனில் அணிகளின் சராசரி 93.4, 2023-24-இல் 114.2.

ஆனால் இந்த வாதம் செய்பவர்கள் சொல்லாமல் விடும் மறுபாதி ஒன்று இருக்கிறது. 2001 வரை என்.பி.ஏ.-வில் ஸோன் டிஃபென்ஸ், அதாவது ஆளை விட்டு இடத்தைக் காப்பது, சட்டவிரோதம். ஒவ்வொருவரும் ஒரு ஆளைக் காக்க வேண்டும். பந்து இல்லாத இடத்தில் சும்மா நின்று வழியை அடைக்க முடியாது. எனவே ஜோர்டன் ஒரு பக்கத்தில் பந்தை வாங்கினால், மற்றவர்கள் எதிர்ப்பக்கம் போய் நின்று தங்கள் காவல்காரர்களையும் இழுத்துக்கொண்டு போய்விடலாம். அவருக்கும் ஒரே ஒரு எதிராளிக்கும் அரை மைதானம். அந்த ஒரு எதிராளி கையால் தள்ளலாம் என்பது உண்மை, உதவிக்கு வருபவர் தாமதமாகத்தான் வர முடியும் என்பதும் உண்மை. இன்று தள்ள முடியாது, ஆனால் மூன்று பேர் முன்கூட்டியே வழியில் நிற்கலாம். எது கஷ்டம் என்று தராசில் வைத்துச் சொல்ல என்னால் முடியாது. ஒன்றை மட்டும் சொல்பவர் பாதிக் கணக்கைத்தான் காட்டுகிறார்.

எத்தனை ஷாட்டில் எடுத்தார் என்பதைக் கணக்கில் சேர்ப்பது எப்படி?

ட்ரூ ஷூட்டிங் என்று ஒரு கணக்கு உண்டு. எறிந்த ஷாட்டுகளோடு, ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். அதை இரண்டால் பெருக்குங்கள். எடுத்த புள்ளியை இதனால் வகுத்தால் சதவீதம் கிடைக்கும். வாய்ப்பை வீணாக்காமல் எவ்வளவு புள்ளியாக்கினார் என்று இது காட்டும்.

வில்ட்டின் அந்தப் பெரிய சீசனுக்கு இது 53.6. இன்று யாராவது 53.6 வைத்தால் வெளியே உட்கார வைத்துவிடுவார்கள். ஆனால் அன்றைய லீகின் சராசரியே சுமார் 48. ஆகவே அவர் ஊரைவிட ஐந்தரை, ஆறு மேலே. ஜோர்டனின் 1986-87-க்கு 56.2, அன்றைய சராசரி 54-க்குச் சற்றுக் கீழே. ஸ்டெஃபன் கரி 402 த்ரீ பாயின்டர் போட்ட 2015-16-இல் 66.9. லீக் 54. கிட்டத்தட்ட 13 புள்ளி மேலே! சராசரியாக 30 புள்ளி எடுத்துக்கொண்டே இதைச் செய்தார். வளையத்திலிருந்து 25 அடி தள்ளி நின்று எறிபவருக்கு, வளையத்தின் கீழே நின்று திணிப்பவரைவிட நல்ல சதவீதம் வரலாம் என்பதைக் கோச்சுகள் நம்பியது இதைப் பார்த்த பிறகுதான்.

என்னைக் கேட்டால், காலம் தாண்டி ஒப்பிட இருக்கும் கருவிகளில் இதுதான் சுமாராகவாவது வேலை செய்வது: அவரவர் காலத்துச் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் மேலே நின்றார் என்பது.

அப்படியானால் வில்ட்தான் கூடைப்பந்தின் பிராட்மனா?

நம் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. டெஸ்ட் கிரிக்கெட்டில் பிராட்மனின் சராசரியான 99.94 ஒரு வாழ்நாள் எண். அடுத்து நிற்பவர்கள் அறுபதுகளில். வில்ட்டின் 50.4 ஒரு சீசன். அடுத்த சீசனில் 44.8, அதன்பின் இறங்குமுகம். வாழ்நாளில் ஜோர்டன் அவரைவிட நூலிழை மேலே. எனவே இல்லை. முதல் ஏழு சீசனிலும் தொடர்ந்து முதலிடம் என்பது மட்டும் அந்த ஜாடையில் இருக்கிறது.

அதிகப் புள்ளி எடுத்தால் அணி ஜெயிக்குமா?

1962-இல் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றில், வில்ட்டின் அணி பாஸ்டன் செல்டிக்ஸிடம் ஏழு ஆட்டத் தொடரின் கடைசி ஆட்டத்தில் 109-107 என்று தோற்றுப் போனது. 1966-67-இல் வேறு அணியில், சராசரி 24.1-ஆக இறங்கி, சக ஆட்டக்காரர்களுக்குப் பந்தைக் கொடுக்கத் தொடங்கினார். அணி 81-இல் 68 ஆட்டம் ஜெயித்துக் கோப்பை வாங்கியது. இதை வைத்து “புள்ளி எடுப்பது சுயநலம்” என்று பாடம் நடத்துவார்கள். அதற்கு ஜோர்டனே பதில்: பத்து முறை ஸ்கோரிங்கில் முதலிடம், ஆறு கோப்பை.

வில்ட்டின் 100, கோபியின் 81, லூக்காவின் 73: எது பெரிது?

கோபி பிரையன்ட் 2006 ஜனவரி 22 அன்று டொராண்டோவுக்கு எதிராக 46 ஷாட்டில் 81 எடுத்தார். லேக்கர்ஸ் மொத்தம் 122, ஆக மூன்றில் இரண்டு பங்கு அவருடையது. வில்ட்டின் 100 அணியின் 169-இல் 59 சதவீதம். லூக்கா டான்சிச் 2024 ஜனவரி 26 அன்று அட்லாண்டாவுக்கு எதிராக 73 எடுத்தபோது அணி 148, கிட்டத்தட்ட பாதி. ஆனால் லூக்கா எறிந்தது 33 ஷாட்தான், அதில் 25 உள்ளே போனது. மேலே சொன்ன ட்ரூ ஷூட்டிங்கைப் போட்டால் வில்ட்டுக்கு 65, கோபிக்கு 74, லூக்காவுக்கு 91.

என் ஓட்டு கோபிக்கு. அரைநேரத்தில் லேக்கர்ஸ் 14 புள்ளி பின்தங்கியிருந்தது. இரண்டாம் பாதியில் மட்டும் அவர் 55 எடுத்ததால்தான் அந்த ஆட்டமே ஜெயித்தது. ஹெர்ஷியில் நடந்தது மாதிரி எண்ணைத் துரத்தி ஓடியதல்ல. காலமும் அப்படி, புள்ளி வறண்ட காலம்.

ஒரு சீசனின் முதலிடம் கடைசி நாளில் மாறியது உண்டா?

உண்டு, 1978 ஏப்ரல் 9. மதியம் டென்வரின் டேவிட் தாம்சன் 73 புள்ளி எடுத்துவிட்டார். அன்று இரவு ஆட வேண்டியிருந்த சான் அன்டோனியோவின் ஜார்ஜ் கெர்வினுக்கு முதலிடம் வேண்டுமென்றால் 58 தேவை. முதல் ஆறு ஷாட்டையும் தவறவிட்டார். அப்புறம் இரண்டாம் கால்பகுதியில் மட்டும் 33! மொத்தம் 63 எடுத்து, 27.22-க்கு 27.15 என்று ஜெயித்தார். அணி அன்று தோற்றது, தாம்சனின் அணியும் தோற்றது. யாருக்கும் கவலையில்லை.

கரீமின் மொத்தத்தை லெப்ரான் தாண்டியது சமமான ஒப்பீடா?

கரீம் 1,560 ஆட்டத்தில் எடுத்ததை லெப்ரான் தன் 1,410-வது ஆட்டத்தில் தாண்டினார். இது லெப்ரானுக்குச் சாதகம். பள்ளி முடித்த கையோடு 18 வயதில் வந்தவர் லெப்ரான்; கரீம் நான்கு வருடக் கல்லூரிப் படிப்பை முடித்து 22 வயதில்தான் வந்தார். இது கரீமுக்குச் சாதகம். வாழ்நாள் முழுக்கக் கரீம் போட்ட த்ரீ பாயின்டர் எத்தனை தெரியுமா? ஒன்று.

அவருக்கு அது தேவைப்படவில்லை. பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலைத் தூக்கி, கை முழுவதும் மேலே நீட்டி, உச்சியில் மணிக்கட்டைச் சுழற்றி விடும் ஸ்கைஹுக் ஒன்று போதும். நடுவில் அவர் தோளும் மறுகையும் இருக்கும், பந்து எட்டாத உயரத்தில். எதிரணிகள் இருபது சீசன் தெரிந்தே வாங்கின, தடுக்க முடியவில்லை. இன்று யாரும் அதைப் போடாதது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

லெப்ரானோ ஒரே ஒரு சீசனில்தான், 2007-08-இல், ஸ்கோரிங் முதலிடம். உச்சத்தைவிட நீளத்தால் வென்றவர்.

ஏ.பி.ஏ. புள்ளிகளை ஏன் சேர்ப்பதில்லை?

1967 முதல் 1976 வரை சிவப்பு, வெள்ளை, நீலப் பந்தோடு என்.பி.ஏ.-வுக்குப் போட்டியாக நடந்த லீக் அது. என்.பி.ஏ. தன் சாதனைப் பட்டியலில் அதை ஏற்பதில்லை. சேர்த்தால் ஜூலியஸ் எர்விங் 30,026. மூன்று புள்ளிக் கோட்டைப் பிரபலமாக்கியதே அந்த லீக். விதியை எடுத்துக்கொண்டு புள்ளியை விட்டுவிட்டது கொஞ்சம் அநியாயம்தான்.

என்.பி.ஏ.-வுக்கு வெளியே பெரிய ஸ்கோரர்கள் இல்லையா?

பிரேசிலின் ஆஸ்கர் ஷ்மிட். கிளப்புகளுக்கும் நாட்டுக்குமாகச் சேர்த்து 49,737 புள்ளி என்று கணக்குச் சொல்வார்கள். ஐந்து ஒலிம்பிக்கில் 1,093. 1984-இல் ஒரு என்.பி.ஏ. அணி தேர்வு செய்தும் போகவில்லை. போனால் அன்றைய விதிப்படி நாட்டுக்கு ஆட முடியாது. 1987 பான் அமெரிக்கன் இறுதியில், அமெரிக்காவை அவர்கள் மண்ணிலேயே, இண்டியானாபொலிஸில், 120-115 என்று பிரேசில் தோற்கடித்தபோது அவர் 46. உலகமே ஒரு லீக் என்று நினைப்பவர்கள் இவரை விட்டுவிடுகிறார்கள்.

100-க்கு மேல் என்று கேட்பவர்களுக்கு: 2012-இல் கிரின்னல் கல்லூரியின் ஜாக் டெய்லர் ஒரே ஆட்டத்தில் 138. எறிந்தது 108 ஷாட். சின்னக் கல்லூரிகளின் மூன்றாம் பிரிவு. ஒரே ஆளுக்குப் பந்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பது என்று தீர்மானித்து ஆடினார்கள். வேடிக்கை பார்க்கலாம், ஒப்பிட வேண்டாம்.

பெண்கள் லீகின் எண்கள் ஏன் சிறிதாகத் தெரிகின்றன?

ஆட்டம் 40 நிமிடம், சீசன் பாதி நீளம். டபிள்யூ.என்.பி.ஏ. 1997-இல்தான் ஆடத் தொடங்கியது. டயானா டௌராசி அதில் 10,646 புள்ளிகளோடு ஓய்வுபெற்றார், 10,000-ஐத் தொட்ட முதல் ஆள். ஏஜா வில்சன் 2024-இல் ஒரே சீசனில் 1,021 எடுத்தார், ஆட்டத்துக்கு 26.9. 48 நிமிடத்துக்கு நீட்டினால் 32-க்கு மேல்.

வில்ட் இன்று ஆடினால்?

உடம்புக்குக் குறைவில்லை, ஓட்டத்திலும் உயரம் தாண்டுவதிலும் தடகள வீரர். ஃப்ரீ த்ரோ தெரியாததால் கடைசி இரண்டு நிமிடம் வெளியே உட்கார்ந்திருப்பார். அன்றைக்குக் கரி ஆடியிருந்தால் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கான்வாஸ் ஷூ, பயணிகளோடு பயணியாக விமானம், பந்தைக் கொஞ்சம் கீழே கை வைத்துத் திருப்பினால் நடுவர் விசில், கோடு இல்லாததால் 30 அடியிலிருந்து போட்டாலும் இரண்டே புள்ளி. கோச் முதல் நாளே திட்டியிருப்பார்.

எந்த ஆட்டங்களைப் பார்த்து நானே முடிவு செய்வது?

ஜோர்டன் 1986 ஏப்ரல் 20 அன்று பாஸ்டனில் 63 எடுத்த பிளேஆஃப் ஆட்டம் (தோற்ற ஆட்டம்தான், பரவாயில்லை). கோபியின் 81. கரீமுக்கு ஏதாவது ஓர் எண்பதுகளின் இறுதிப்போட்டி. ஸ்கைஹுக்கை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், எதிராளியின் கை எங்கே நின்றுபோகிறது என்று கவனியுங்கள். கரிக்கு 2016 பிப்ரவரி 27, ஓக்லஹோமாவில் கூடுதல் நேரத்தின் கடைசி விநாடியில் மைதானத்தின் நடுவைத் தாண்டியதுமே எறிந்தது.

வில்ட்டின் 100-ஐ மட்டும் பார்க்க முடியாது. அன்று ஹெர்ஷியில் தொலைக்காட்சி கேமரா இல்லை. நான்காம் பகுதியின் வானொலி வர்ணனை மட்டும் ஒலிப்பதிவில் இருக்கிறது. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், 46 விநாடி மிச்சமிருக்கையில் பந்து உள்ளே போகிற இடத்தில் வர்ணனையாளரின் குரல் கூட்டத்தின் கூச்சலில் முங்கிப்போகும்.